கேவலமான படை

மனைவியின் தம்பி எழுதிய படைப் பட்டியலைப் பார்த்ததும் பல் டாக்டர் அதை அழுக்குத் துணிபோல விரல்நுனியில் தூக்கிப் பிடித்தார். பொம்மைப் படைகளை மேசைமேல் மோதவிடும் போர் விளையாட்டின் இறுதி ஆட்டம் அவர்கள் இருவருக்கும் இடையில்தான். ஜெயிப்பவர்தான் அந்த விளையாட்டு மன்றத்தின் சார்பில் வெளியூர்ப் போட்டிக்குப் போகமுடியும்.

“ஒவ்வொரு பொம்மைக்கும் இத்தனை புள்ளின்னு விலை இருக்கு, மொத்தம் நூறு புள்ளிக்குள்ள எந்தப் பொம்மையையும் எடுக்கலாம். நீ என்னடான்னா சமையல்காரன், கொட்டடிக்கிறவன், நொண்டிக் குதிரைன்னு பொறுக்கியிருக்கே! இது படையா, சர்க்கஸ் கம்பெனியாடா?”

“எனக்கு இது போதும் மாமா.”

“த்தூ! உன்கூட மோதறதே எனக்கு அசிங்கம்.”

டாக்டர் வீம்புக்கென்றே பீரங்கிகளையும் கவச வீரர்களையும் அள்ளிப் போட்டுத் தன் பட்டியலைக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் படைகளை அடுக்கினார்கள். டாக்டர் எதிர்ப்பக்கம் பார்க்கவே அருவருத்து முகத்தைச் சுளித்தார்.

நடுவர் வந்தார். “புது விதிப்படி இறுதி ஆட்டத்துல எதிராளி படையை வச்சுத்தான் ஆடணும். ரெண்டு பேரும் இடம் மாறி உட்காருங்க.”

டாக்டருக்கு முகம் வெளுத்தது. “இதை எப்போ முடிவு பண்ணீங்க?”

“போன மாசக் கூட்டத்துல. வேலையத்தவங்க பேச்சைக் கேக்க வரமாட்டேன்னு சொல்லிட்டீங்களே, சார்!”

மைத்துனன் தன் நாற்காலியைத் துடைத்துவிட்டு மரியாதையாக ஒதுங்கி நின்றான்.

“வாங்க மாமா, உங்க படை காத்துக்கிட்டிருக்கு.”