விறுவிறு, கொஞ்சம் கோபம்

"காலைத் தூக்குங்க."

"தூக்கத்தான் பார்க்கிறேன். பசை போட்டு ஒட்டின மாதிரி இருக்கு."

படுக்கையறை வாசலில் மாமனார் அப்படியே நின்றுவிட்டார். நடுக்க நோய் வந்ததிலிருந்து இதே பாடுதான். நன்றாக நடந்து வருவார். வாசல் வந்ததும் கால் மறுத்துவிடும். போன வாரம் இதே இடத்தில் விழுந்து நெற்றியில் நாலு தையல்.

மாமியார் கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டே கூடத்தை எட்டிப் பார்த்தாள். மருமகள் காதில் ஹெட்போன், மடியில் லேப்டாப். விரல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. டம், டம், டம்.

"அம்மாடி!"

இரண்டு தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை.

மாமியார் தன் மகளிடம் போனில் கொட்டித் தீர்த்தாள்.

"நாலு நாளா இதே கூத்துடி. ஆபீஸ் வேலை முடிஞ்சதும் காதை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்துடறா. பாட்டுகூட இல்ல, வெறும் டம்டம்."

"அண்ணி டான்ஸ் கிளாஸ்ல சேரப் போறாங்களோ என்னவோ!"

"சிரிக்காதே. சனிக்கிழமை சக்கர நாற்காலி வருது. உங்கண்ணன் ஆர்டர் போட்டுட்டான். அதுல உட்கார்ந்தா அப்புறம் எழுந்திருக்கவே மாட்டேன்னு உங்கப்பா சாப்பிடாமப் படுத்திருக்கார். இந்த நேரத்துல இவளுக்குத் தாளம் கேட்குது!"

அன்றைக்குக் கும்பிடும்போதும் தினமும் வேண்டுவதையே வேண்டினாள். 'ஆண்டவனே, அவரைத் தாங்க ஒரு கையைக் கொடு.'

மறுநாள் மருமகள் சமையலறைக்கு வந்தாள். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது.

"அத்தை, மாமா முன்னெல்லாம் எப்படி நடப்பாங்க?"

கேட்கிற கேள்வியைப் பார்!

"எப்படி நடப்பார்? காலாலதான்!"

"இல்ல அத்தை, கல்யாணமான புதுசுல. மெதுவாவா, வேகமாவா?"

"விறுவிறுன்னு போவார். முகத்துல கொஞ்சம் கோபம் மாதிரி இருக்கும். நான் பின்னாடியே ஓடணும். பத்தடி போய் நின்னு, வர்றேனான்னு திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான் அவர் பாசம்."

சொல்லிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போதும் அத்தை!" என்று மருமகள் கூடத்துக்கு ஓடிவிட்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை? ஊகூம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் மறுபடியும் கால் ஒட்டிக்கொண்டது. மருமகள் ஹெட்போனும் கையுமாக வந்தாள்.

"மாமா, இதை மாட்டிக்கிறீங்களா?"

"எனக்கு எதுக்கும்மா டிஸ்கோ?"

"ஆட வேண்டாம் மாமா. டம்முன்னு கேட்கிறப்ப ஒரு கால் வைங்க, போதும்."

மாட்டிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் தலை லேசாக ஆடியது. வலது கால் எழுந்தது. வாசலைத் தாண்டியது. அடுத்து இடது கால். அப்புறம் நிற்கவே இல்லை.

"விடும்மா, நானே போறேன்."

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகள் அவர் மேல் வைத்த கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"சில பேருக்குத் தாளம் கேட்டா கால் வருமாம் அத்தை. பிசியோதெரபி டாக்டரம்மா சொன்னாங்க. பாட்டுன்னா வரிக்கு மனசு போயிடும், வெறும் பீட் போதும்னாங்க. நெட்ல ஆயிரக்கணக்கில கிடக்கு, என்ன மாதிரின்னு சொல்லித் தேடணும். பியானோன்னு போட்டேன், எனக்கே தூக்கம் வந்துச்சு. ராக்னு போட்டேன், அந்த வேகத்துக்கு நடந்தா மாமா தலைகுப்புற விழுந்துடுவாங்க. ஒவ்வொண்ணையும் தட்டித் தட்டி எண்ணிப் பார்த்தேன். சரியா வரலைன்னா நீங்க ஏமாந்துடுவீங்கன்னுதான் சொல்லலை."

"அப்புறம் இது எப்படிக் கிடைச்சுது?"

"நீங்க சொன்னதை அப்படியே போட்டேன். விறுவிறு நடை, கொஞ்சம் கோபம், உள்ளுக்குள்ள பாசம்."

கூடத்தில் பத்தடி போயிருந்த மாமனார் நின்றார். திரும்பிப் பார்த்தார்.

"என்ன, வர்றியா இல்லியா? நாளைக்கு அந்த நாற்காலி வந்தா நீயே உட்கார்ந்துக்கோ!"

மாமியார் மருமகளின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆண்டவனிடம் அவள் கேட்ட கை, இத்தனை நாளும் கூடத்தில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.