எழிலரசியின் ஆட்சேபம்

சமய வகுப்பில் என்ன பேசலாம் என்பதை வட்டார ஆலோசனைக் குழுதான் முடிவுசெய்யும். எல்லா மதத்தாரும் அதில் இருந்தார்கள், மதமே வேண்டாம் என்பவர்களும் இருந்தார்கள். குழுவில் யாராவது ஒருவர் ஒரு வாக்கியத்தை ஆட்சேபித்தாலே போதும். பிறகு பள்ளிக்கூடத்துக்குள் ஆசிரியர் எங்கே அதைச் சொன்னாலும் சுவர்கள் அவர் குரலை விழுங்கிவிடும்.

"எங்கம்மா இப்ப எங்க இருக்காங்க டீச்சர்?" என்று நிறைமதி இன்றும் கேட்டாள். அம்மா போனபிறகு பள்ளி விடுதிதான் அவளுக்கு வீடு.

'இறந்தவர்கள் இல்லாமல் போய்விடுவதில்லை' என்ற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்று ரெஜினா டீச்சர் குழுவிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டாள். குருக்கள், பாதிரியார், இமாம் எல்லாருக்கும் சம்மதம்தான். தலைவர்தான் கையை விரித்துவிட்டார்.

"ஆட்சேபிச்சவங்களே வந்து வாபஸ் வாங்கணும் டீச்சர். இது எழிலரசி போட்டது."

எழிலரசி நிறைமதியின் அம்மா. கண்ணால் காணாததைப் பிள்ளைகள் தலையில் ஏற்றக்கூடாது என்று குழுவில் கடைசிவரை சண்டை போட்டவள்.

ரெஜினா மண்டியிட்டு நிறைமதியின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொன்னாள். கேட்கவில்லை. கத்தினாள். தொண்டை நரம்பு புடைத்ததே தவிர வகுப்பில் சத்தமே இல்லை.

நிறைமதி அவள் உதடுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில எங்கம்மாவும் கடைசியா இப்படித்தான் டீச்சர், வாயை மட்டும் அசைச்சாங்க."