டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா?

திருட்டு வேலை என்று வந்துவிட்டால், தொழில் பழகிய கைகூடத் தடுமாறத்தான் செய்கிறது. எத்தனையோ கம்ப்யூட்டர்களைக் கழற்றி மாட்டிய ஹரிநாராயணனுக்கு, அன்றைக்கு ஒரே ஒரு ஒயரைப் பிடுங்குவதற்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது.

தன் கம்ப்யூட்டர் கடையின் உள்ளறையில் அவன் இந்தக் காரியத்தைச் செய்துகொண்டிருந்தபோது, முன்பக்கம் சிவனாண்டி நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தான். சமயநல்லூரில் விசேஷங்களுக்கு வீடியோ எடுப்பவன். ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு காலையிலேயே வந்து யோசனை கேட்டான்.

"வெட்டுறது, ஒட்டுறதெல்லாம் வீட்டுல இருக்குற பழைய கம்ப்யூட்டர்லயே பண்ணிருவேண்ணே. கடைசியா எல்லாத்தையும் சேத்து ஒரே படமாக்கச் சொன்னாத்தான் அது நாள் கணக்கா படுத்துக்கிருது. டெஸ்க்டாப்பு வாங்கவா, லேப்டாப்பு வாங்கவா? எது வேகமோ அதத்தான் வாங்குவேன்."

உண்மையான பதில் ஹரிக்குத் தெரியும். உசத்தியான டெஸ்க்டாப் ப்ராசஸர் என்பது பந்தியில் கூச்சப்படாமல் சாப்பிடுகிற ஆள். கரண்ட்டை இஷ்டத்துக்குத் தின்னும், வேலையையும் வெளுத்துக் கட்டும். லேப்டாப்பில் இருப்பது டாக்டர் சொன்னபடி அளந்து சாப்பிடுகிற ஆள். சூடு ஆகக்கூடாது, பேட்டரி தீரக்கூடாது என்று பயந்து பயந்தே வேலை பார்க்கும். 2004-ஆம் வருஷத்து நிலவரப்படி, போட்டி வைத்தால் டெஸ்க்டாப்தான் ஜெயிக்கும்.

ஆனால் விற்க வேண்டியது லேப்டாப்பை அல்லவா! ஆனையூர் வக்கீல் ஒருவர் கேட்டார் என்று வரவழைத்தது. வக்கீல் வாய்தா வாங்கிக்கொண்டே போய்விட, அது ஒரு வருஷமாக ஷோகேஸில் தூசி தின்றுகொண்டிருந்தது. வீட்டில் சௌராஷ்டிர மொழியில் சண்டை போடும் மனைவி ஹம்சவேணி, விஷயம் முற்றிவிட்டால் மட்டும் தமிழுக்கு மாறிவிடுவாள். நேற்று தமிழில்தான் பேசினாள்.

"இந்த மாசத்துக்குள்ள அது போகலைன்னா கடையப் பூட்டிட்டு, எங்கப்பா சுங்குடிக் கடையில வந்து உக்காருங்க."

ஹரி எதையும் தாங்குவான். மாமனார் முறைத்துக்கொண்டிருக்க, பகல் முழுக்கச் சேலை மடிப்பதை மட்டும் அவனால் தாங்க முடியாது. அதனால்தான் "லேப்டாப்புதான் வேகம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டான்.

"வாய்ல சொன்னா எப்படிண்ணே? ரெண்டையும் ஓடவிட்டுப் பாப்போம். கல்யாணம் ஒண்ணு கையில இருக்கு. முகூர்த்தத்த லேப்டாப்புல போடுங்க, ரிசப்ஷன டெஸ்க்டாப்புல போடுங்க. ரெண்டும் ஒரே நீளந்தான்."

"உள்ள இருக்குறதுலயே உசத்தியான டெஸ்க்டாப்ப எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போன ஹரி பிடுங்கிய ஒயர், ப்ராசஸருக்கு மேலே சுழலும் குட்டி ஃபேனுடையது. காற்று இல்லாவிட்டால் ப்ராசஸர் கொதிக்கும். கொதித்தால், உயிர் பிழைக்கத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதிலும் மதுரை சித்திரை வெயில் வேறு.

போட்டி ஆரம்பித்தது. எடுத்த எடுப்பில் டெஸ்க்டாப் பாய்ந்தது. பிறகு சூடேற ஏற அது தள்ளாட, லேப்டாப் மெல்ல முந்தியது. மத்தியானம் ஹரி தன் செலவிலேயே பரோட்டா வாங்கிவரச் சொன்னான். சால்னாவைத் தொட்டுக்கொள்ளும்போதும் சிவனாண்டியின் கண் திரையை விட்டு நகரவில்லை.

லேப்டாப்பில் முகூர்த்தம் முழுசாக முடிந்தது.

"எம்புட்டு வேகம்ணே!"

ஜெயித்த சந்தோஷத்தில் ஹரி டெஸ்க்டாப்பை நிறுத்தப் போனான். சிவனாண்டி பதறிவிட்டான்.

"அதையும் முடிக்க விடுங்கண்ணே! எம்புட்டு நேரத்துல தோக்குதுன்னு தெரிய வேணாமா?"

இன்னும் ஓடினால் ப்ராசஸர் கருகிவிடும். தூசி தட்டுகிற சாக்கில் ஹரி ஒயரை மறுபடி சொருகினான். ரிசப்ஷனும் சாயங்காலத்துக்குள் நல்லபடியாக முடிந்தது.

"ரெண்டையும் இந்த டிஸ்க்குலயே ஏத்திக் குடுங்க. வீட்டு டிவியில போட்டுத் தரம் பாத்துக்கிறேன். லேப்டாப்ப எனக்குன்னு எடுத்து வச்சிருங்க. இன்னிக்கு அஷ்டமி, அட்வான்ஸ் குடுத்தா வெளங்காது. நாளைக்கு நவமி. நாளான்னைக்குச் சம்சாரத்தோட வாரேன்."

அஷ்டமியில் ஸ்க்ரூகூட வாங்காத ஹரிக்கு அதில் பூரண சம்மதம். இப்படி ஒரு வெள்ளந்தி மனுஷனை ஏமாற்றிவிட்டோமே என்று மனசுதான் உறுத்தியது. பரிகாரமாக ஒரு மவுஸை இனாமாகக் கொடுத்து, கும்பிட்டு அனுப்பிவைத்தான். லேப்டாப்பைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிட்டு, ஹம்சவேணிக்கு போன் போட்டான். அவள் சௌராஷ்டிரத்தில் கொஞ்சினாள்.

போனை வைத்த கையோடு, தெருக்கோடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நூருல் அமீன் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, ஷோகேஸ் காலியா இருக்கு?"

"வித்தாச்சு பாய்! சமயநல்லூர் வீடியோக்காரரு. ரெண்டையும் ஓடவிட்டுப் பாத்துட்டு, லேப்டாப்புதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. ஒரு கல்யாணமே ஓடி முடிஞ்சிருச்சுன்னா பாத்துக்கங்களேன்!"

அமீன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அவரு எங்கயும் எதையும் வாங்குறதில்ல மாப்ள. ஓடவிட்டுப் பாப்போம்னு சொல்லியே மாடி கம்ப்யூட்டர் கடையில வளைகாப்பு, எங் கடையில காதுகுத்து, இப்ப உங் கடையில கல்யாணத்தையே முடிச்சுக்கிட்டுப் போயிட்டாரா!"