சின்னப் படிப்பு

கைபேசி மேசைமேல் சீனிப் போத்தலில் சாய்ந்து நின்றது. அதற்குள் இங்கிலாந்துப் பேராசிரியை இருந்தார். கமராவில் விழாத பக்கமாகக் கதிரையை இழுத்துப் போட்டு ஃபஸ்லான் இருந்தான்.

அக்கீலா இருவரையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருந்தது.

பேராசிரியையின் கேள்வி ஒன்றுதான். புலமைப்பரிசில் கிடைத்துவிட்டது. அதை ஒரு வருட முதுமாணிப் பட்டத்துக்கும் எடுக்கலாம், நான்கு வருடக் கலாநிதிப் பட்டத்துக்கும் எடுக்கலாம். எது வேண்டும் என்று இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

ஃபஸ்லான் காலையிலேயே முடிவு சொல்லிவிட்டான். நான்கு வருடம். படிக்கப்போவது அவள், முடிவு அவளுடைய புருஷனுடையது. அந்த வீட்டில் இது ஒன்றும் புதினமில்லை. அவள் படிக்கிற காலமெல்லாம் அவன் அங்கே வேலை பார்ப்பான். திரும்பி வந்து மதுரங்குளிச் சந்தியில் மாடி வைத்துக் கடை கட்டுவான். மாடிக்கு என்ன நிறம் அடிப்பது என்பதுகூட முடிவாகியிருந்தது.

பொய் சொல்லக் கூடாது, அவளுக்கும் ஆசை பெரிய படிப்பில்தான். புத்தளத்து உப்பள வரம்புகளில் குந்தியிருந்து பறவைகளைப் பார்ப்பது அவள் வேலை. கொதிக்கிற வெயிலில், வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஓடிவந்து, முட்டைமேல் உட்கார்ந்து குளிர்த்தும் பறவைகள் அவை. அவற்றைப் பற்றி நான்கு வருடம் என்ன, நாற்பது வருடம் எழுதச் சொன்னாலும் எழுதுவாள்.



வலது காதைத்தான் கைபேசிப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். இடது காது போன நோன்பு மாதத்திலிருந்து சரியாகக் கேட்பதில்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக ஊருக்குச் சொல்லியாயிற்று. ஊரும் நம்பியது, அல்லது நம்பியதுபோல இருந்துகொண்டது.

பேராசிரியை அவளுடைய கட்டுரையைப் புகழ்ந்தார். இப்படியொரு கண்ணும் மூளையும் உள்ளவள் கலாநிதிப் பட்டத்துக்குத்தான் வர வேண்டும் என்றார். பாவம், நல்ல மனுஷி. அவர் புகழப் புகழ அக்கீலாவின் கண் ஃபஸ்லான் பக்கம் ஓடியது. ஃபஸ்லானுக்குக் கடைக்காரன் இங்கிலீஷ்தான் தெரியும். ஆனால் புகழ்ச்சி எந்தப் பாஷையிலும் விளங்கும். மேசைக்கு மேலே நான்கு விரலை நீட்டிக் காட்டினான்.

ஒரு நிமிடம் என்று பேராசிரியையிடம் கேட்டு, அவள் கைபேசியின் ஒலியை நிறுத்தினாள்.

"எனக்கு ஏலாதுங்க. மொதல் வருஷச் சோதனையில விழுந்தா ரெண்டு பேரையும் திருப்பி அனுப்பிருவாங்க. றவூப் நானாட கதைய நீங்க பாத்தீங்கதானே."

ஊருக்கே அண்ணன் முறையான றவூப், கட்டாருக்குப் போன சூட்டோடு திரும்பி வந்தவர். அவர் சந்தியில் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தால் இன்றைக்கும் யாராவது ஒருவர், அடுத்த பிளேன் எப்போது என்று கேட்காமல் விடுவதில்லை. கேட்கிறவர்களில் ஃபஸ்லானும் ஒருவன்.

அவன் அவளைப் பார்த்தான். அவன் பார்க்கும்போது தான் எங்கே பார்க்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். மேசை விரிப்பைப் பார்த்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவளை மோட்டுக் கழுதை என்று சொல்லி வருகிறவன் அவன். எங்கிருந்தோ ஒரு வெள்ளைக்காரி வந்து இல்லையென்று சொன்னதற்காக அதை விட்டுக்கொடுத்துவிடுவானா?

"உன்ட மண்டைக்கு ஒரு வருஷம்தான் சரி. அதையாவது ஒழுங்காப் படி. முடிச்சிட்டு அங்கேயே ஒரு வேல தேடிக்கலாம்."

அவள் ஒலியைத் திறந்து முதுமாணி என்று சொன்னாள். பேராசிரியையின் முகம் வாடிப்போனது.

யோசித்துத்தான் சொல்கிறாயா என்று கேட்டார் அவர். ஒரு வருடப் படிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது, அது என்னவென்றால், என்று ஆரம்பித்தார்.

"தெரியும், மேடம்."

ஆசிரியர் ஒருவர் பேசும்போது அவள் குறுக்கே விழுந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. குரல் கொஞ்சம் உயர்ந்தே வந்துவிட்டது. பேராசிரியை பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்தார். பிறகு, அவளுடைய கண் திரும்பத் திரும்ப எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார்.

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. முதுமாணி என்றே பதிந்துகொள்கிறேன், சீக்கிரம் வந்து சேர் என்று மட்டும் சொன்னார்.

திரை அணைந்ததும் ஃபஸ்லான் கதிரையோடு கிட்ட வந்தான்.

"என்ன சிக்கல் எண்டவ?"

அவள் கைபேசியை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"சின்னப் படிப்பு எண்டா, பொறகு கெடைக்கிற சம்பளமும் சின்னதாம்."

அவன் அவளை ஒருமுறை உற்றுப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். சம்பளத்துக்குத்தான் அவன் இருக்கிறானே. உள்ளே திரும்பி, மருமகளுக்கு ஒரு பிளேன்டீ ஊற்றச் சொல்லி உம்மாவுக்குக் குரல் கொடுத்தான். அவளுடைய கையைத் தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டான். இன்றைக்கு அந்தக் கை மெதுவாகத்தான் இருந்தது.

"பயப்படாத. நானும் கூட வாறன்தானே."

ஓம் என்று அக்கீலா தலையாட்டினாள்.

நான்கு வருடப் படிப்புக்குப் போகிறவள் புருஷனையும் கூட்டிப்போகலாம். அவள் எடுத்த ஒரு வருடப் படிப்புக்குப் போகிறவளோடு யாரும் போக முடியாது. அந்த நாட்டு விசாச் சட்டம் அப்படி. அவள் பிளேனில் ஏறி உட்காரும்வரை அது அவனுக்குத் தெரியக் கூடாது.