கைபடாத வண்டி

"ஐயையோ! யாரு இதைக் கழுவினது?"

நான் போட்ட சத்தத்தில் கொட்டகைக்குள் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்து ஓடின.

"நான்தான் தம்பி" என்றார் இர்மா அம்மா, சிரித்த முகத்தோடு. எண்பத்திரண்டு வயது. "கழுவி முடிக்க ரெண்டு நாளாச்சு. ஒருத்தர் கையில பொருளைக் குடுக்கிறப்போ அழுக்காவா குடுக்கிறது?"

பொருள் என்றது, 1958 எம்.ஜி. கார். இரண்டே சீட். அவர் கணவர் கடைசியாக ஓட்டி நிறுத்தி முப்பத்திரண்டு வருடம். போன வாரம் நான் வந்து பேசி முடித்தபோது அதன்மேல் விரற்கடை அளவுக்குத் தூசி இருந்தது. அந்தத் தூசியைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

சிரிக்காதீர்கள். ஒஹாயோவில் எங்கள் பழைய கார் சங்கத்தில் அப்படித்தான். புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கொட்டகையில் கிடந்த கோலத்திலேயே வரவேண்டும், ஆனால் ஓடவும் வேண்டும். அதற்குப் பெயரே 'கைபடாதது'. வருடா வருடம் அதற்கென்று ஒரு நீல ரிப்பன் உண்டு. பதினொரு வருடமாகச் சங்கச் செயலாளர் நான். கடைக்குப் போய் அந்த ரிப்பனை வாங்கி வருகிறவனே நான்தான். ஒரு தடவைகூட அது என் காரில் ஏறியதில்லை.

"முப்பத்திரண்டு வருஷத் தூசிம்மா! இனி தவம் கிடந்தாலும் வருமா? ஒண்ணும் தெரியலேன்னா சும்மா இருக்கணும். இப்படிக் காரியத்தையே கெடுத்துட்டீங்களே!"

சிரிப்பு போய்விட்டது. முட்டி வீங்கிய கைகளை ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டார்.

"தெரியாம செஞ்சுட்டேன் தம்பி... உள்ள வாங்க, ஆப்பிள் பை சுட்டு வெச்சிருக்கேன், சாப்பிட்டுப் போங்க."

பையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அவ்வளவு பெரிய மனுஷன் நான்.

மூன்று மாதம் உழைத்தேன். டேங்கில் பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. சுரண்டி எடுத்தேன். பிஸ்டன்களுக்கு மேலே எண்ணெய் ஊற்றி, ஒரு வாரம் ஊறவிட்டு, எஞ்சினைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினேன். புகைக்குழாய்க்குள் ஓர் எலிக்குடும்பம் சேர்த்து வைத்த வால்நட் கொட்டைகள் மட்டும் ஒரு வாளி. கடைசியில் ஒரு சனிக்கிழமை, இரண்டு தடவை இருமிவிட்டு வண்டி உறுமியது. அழுதுவிட்டேன், நிஜமாகவே. இர்மா அம்மாவுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்றியது வேறு. வேக்குவம் கிளீனர் பையைப் பிரித்து, உள்ளே இருந்த வீட்டுத் தூசியை மாவு சலிக்கும் சல்லடையில் கொட்டி, காரின் மேல் சலிக்க ஆரம்பித்தேன்.

என் மனைவி மார்லா வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏங்க, வீட்டைக் கூட்டச் சொன்னா இடுப்பு வலி. காருக்குக் குப்பை கொட்ட மட்டும் இடுப்பு வளையுதா?"

"இது குப்பை இல்லடி. சரித்திரம்."

"உங்க சரித்திரத்துல பாதி நம்ம பூனையோட முடி."

கண்காட்சி நாள். நடுவர் கிளைட் டார்ச் விளக்கோடு வந்தார். சொந்தத் தம்பி காருக்கே பூஜ்யம் போட்ட மனிதர். பானெட்டைத் தடவினார். விரலை முகர்ந்து பார்த்தார்.

"வெண்டல், எஞ்சின் பிரமாதம். ஆனா இந்தத் தூசி கொஞ்சம் இளசா தெரியுதே?"

பொய் என்று தெரிந்தால் ரிப்பன் மட்டுமா போகும்? பதினொரு வருடப் பேரும் போகும். அந்த நேரம் பார்த்தா பின்னாலிருந்து அந்தக் குரல் வரவேண்டும்?

"வண்டி ஓடுதாமே தம்பி! மார்லா போன் பண்ணிச் சொன்னாங்க. பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கைத்தடியை ஊன்றிக்கொண்டு இர்மா அம்மா. நான் மார்லாவை முறைத்தேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"இது உங்க வீட்டு வண்டியாம்மா?" கிளைட்டுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு. நீங்களே சொல்லுங்க. இதை யாராவது துடைச்சாங்களா, கழுவினாங்களா?"

அந்த அம்மா காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க. யார் கையும் படல."

கிளைட் காரின் முன்கண்ணாடியில் நீல ரிப்பனை மாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வேறென்ன செய்வது என்று தெரியாமல்.

கூட்டம் கலைந்ததும் இர்மா அம்மா என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"பைபிள் படிக்கிற வாயால பொய் சொல்லிட்டேன் தம்பி. என்ன பண்றது? உங்க வண்டியைக் கெடுத்துட்டேனேன்னு மூணு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல. நல்ல வேளை, எப்படியோ தூசி திரும்ப வந்துருச்சு."

என் சட்டைக் கையை மெதுவாகத் தொட்டார்.

"இப்பவாச்சும் என்னை மன்னிச்சிட்டீங்களா?"