பச்சைக் காரில் ஒரு வெள்ளைக் கதவு

“இடிச்சவங்க ஏன் பெரியப்பா நிக்காமப் போனாங்க?”

ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி மகள் பெரியப்பாவிடம் இப்படிக் கேட்டாள். கேட்ட குழந்தை பள்ளிக்கூடமும் விளையாட்டுமாக வளர்ந்து அதை மறந்தும் விட்டது. அவர்தான் நாலு வருஷமாக நெஞ்சில் முள்ளாக வைத்துக்கொண்டு திரிந்தார்.

இன்று அந்தக் கேள்விக்கான பதில் ஒரு தகரக் கொட்டகையின் நிழலில் அவர் எதிரே நின்றது. பச்சைக் கார். பின் கதவு ஒன்று மட்டும் வெள்ளை.

கார் பார்க்கப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். அது முழுப் பொய்யும் இல்லை. கால்கள் ஓய்ந்துபோன தம்பியை வாடகை வண்டிகளில் தூக்கி ஏற்றி இறக்கி வீட்டில் எல்லாருக்கும் முதுகு ஒடிந்துவிட்டது. மடக்கிய சக்கர நாற்காலி டிக்கிக்குள் போகிற மாதிரி, கைக்கு எட்டுகிற விலையில் ஒரு பழைய செடான் கிடைக்குமா என்று மாதக்கணக்கில் விளம்பரங்களை அலசிக்கொண்டிருந்தார். நேற்று ஒரு விளம்பரப் படத்தில் அந்த வெள்ளைக் கதவைப் பார்த்ததும் உடனே விலாசத்தைக் குறித்துக்கொண்டார்.

விபத்தைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து வெளியே வந்த சைக்கிள் கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான்: ரோட்டில் தம்பியின் ஸ்கூட்டர் மட்டும் கிடந்தது, வெள்ளைக் கதவு வைத்த பச்சைக் கார் ஒன்று தலைதெறிக்கப் பறந்தது. அதை வைத்துப் போலீஸ் கொஞ்ச நாள் தேடிவிட்டுக் கேஸை மூடிவிட்டது.

தம்பியை யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் பேர் சொல்லாமல் போயிருந்தார்கள். அந்த முகம் தெரியாத புண்ணியவானுக்காக வேண்டிக்கொண்ட பிறகுதான் தம்பி மனைவி தன் புருஷனுக்காகவே வேண்டுவாள். பெரியப்பாவின் வேண்டுதல் வேறு. அந்தப் பச்சைக் காரை ஒரு தடவை என் கையில் கொடு கடவுளே என்பார்.

கடவுள் கொடுத்துவிட்டார். ஆனால் வாசலுக்கு வந்தது அவர் எதிர்பார்த்த முரடன் இல்லை. டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்தபடி வந்தார். கார் ஓட்டிய கணவர் போன வருஷம் காலமாகிவிட்டாராம்.

“வண்டியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பக்கத்துல உக்காந்து ‘பார்த்துப் போங்க, பார்த்துப் போங்க’ன்னு சொல்ல மட்டும்தான் தெரியும்” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பெரியப்பாவின் வயிற்றெரிச்சலைக் கூட்டியது. டயர் தேய்ந்திருக்கிறது, கதவு வேறு நிறம் என்று சும்மா ஒப்புக்குக் குறை சொன்னார். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். பெரியப்பா குனிந்து முன் பம்பரைப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. மாற்றியிருப்பார்கள், கெட்டிக்காரர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

காகிதங்களை எடுத்துவர அந்த அம்மா உள்ளே போனார். பெரியப்பா பானெட்டைத் தூக்கினார். எஞ்சின் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகித் திறந்தார். சட்டைப் பையில் கொண்டுவந்திருந்த மணல் பொட்டலத்தை அப்படியே உள்ளே கவிழ்த்துவிட்டு மூடினார். இனி யாராவது சாவியைத் திருப்பினால் போதும், எஞ்சின் தன்னைத் தானே அரைத்துக்கொண்டு சாகும். தம்பி கிடக்கிற மாதிரி இதுவும் கிடக்கட்டும்.

திரும்பி வந்த அம்மாவின் ஒரு கையில் காகிதங்கள், இன்னொரு கையில் ஒரு டம்ளர் தண்ணீர். வெயிலில் வந்திருக்கிறீர்கள், முதலில் குடியுங்கள் என்றார். பெரியப்பாவால் மறுக்க முடியவில்லை.

“ஒண்ணு சொல்லிடறேங்க. பின் சீட்டு உறையைக் கழட்டினா ஒரு கறை தெரியும். ரத்தக் கறை. எவ்வளவு தேய்ச்சும் போகலை. வாங்கினப்புறம் பார்த்துட்டு நீங்க தப்பா நினைக்கக் கூடாது.”

டம்ளர் பாதி வழியில் நின்றது. சீட்டிலா?

ஒரு மத்தியானம் முன்னால் போன லாரி ஒரு ஸ்கூட்டர்காரரை அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனதையும், புருஷனும் மனைவியுமாக அவரைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்திக்கொண்டு பறந்ததையும் அந்த அம்மா சொன்னார். வழியெல்லாம் அவர் தலை தன் மடியில்தான் இருந்தது என்றார். போலீஸ், கோர்ட் என்று அலையவிடுவார்களோ என்று கணவர் பயந்ததால் பேர்கூடச் சொல்லாமல் வந்துவிட்டார்களாம்.

“அந்தப் பிள்ளை பிழைச்சுதா இல்லையான்னுகூடத் தெரியாது. சாகிற வரைக்கும் இவர் அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தார்.”

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

“பிழைச்சுட்டாம்மா. அவன் என் தம்பி.”

அந்த அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். பிறகு எழுந்து வந்து பெரியப்பாவின் கையைப் பிடித்துச் சாவியை வைத்தார்.

“தம்பிக்குன்னா எனக்குப் பாதி விலை போதும். இவர் இருந்தா அதுகூட வாங்க விடமாட்டார். கண்ணும் கருத்துமா வெச்சிருந்த வண்டிங்க, எஞ்சின்ல ஒரு குறை கிடையாது. ஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்.”

பெரியப்பா சாவியை இறுக மூடிக்கொண்டார். விரல் இடுக்கில் மணல் உறுத்தியது.

“குறை இருக்கும்மா. முழு விலைக்கே எடுத்துக்கறேன்.”