மூத்தவள்

கராகோல் நகரில் தன் ரொட்டிக்கடையில் மாவுக்கும் உப்புக்கும் அளவுக் குவளை வைத்து, ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அனார்குல் முதல்முறையாக விடுப்பு எடுத்தாள்.

காலை முழுக்கத் தொலைபேசி ஒலிக்கவில்லை. மனம் கேட்காமல் மதியம் கடைக்குப் போனாள். அடுப்பு கனன்றது. மாவு பொங்கி வழிந்தது. வேலைக்கு இருந்த புரூலும் சோனுனும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏண்டி, ஒரு ரொட்டிகூடச் சுடலையா?"

"வழக்கப்படி மூத்தவங்க முதல்ல கையேந்தி வேண்டிக்காம எப்படிக்கா சுடறது?" என்றாள் சோனுன்.

"நான் இல்லேன்னா உங்க ரெண்டு பேர்ல மூத்தவ வேண்டிக்கணும்."

"அப்ப இவதான்," என்றாள் புரூல்.

"யாரு, நானா? சாயம் வெளுத்த தலைய வெச்சுக்கிட்டு நீ பேசாத!"

அனார்குல் களைப்புடன் கையேந்தினாள். உண்மையில் அவள் இருவருக்கும் இளையவள். கடை திறந்த அன்றும் அவர்கள் இதே சண்டைதான் போட்டார்கள். பொறுக்கமாட்டாமல், தானே மூத்தவள் என்று அன்று சொல்லிவிட்டாள்.